செருப்பு ஏறாத மேடையில் இறங்கி வந்த சுருதி

தகைமைசால் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார் அவர்களே! அன்புவழிபுரத்து வாசிகசாலையைத் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்திய பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கண்ணை மேடையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலையோடு குச்சவெளியிலிருந்து வந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசைக் கதிரையில் இருந்து, "இந்த மனுசன் என்னத்தைக் கதைக்கப் போகுதோ" என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி கமலாதேவி அவர்களே! குணரத்தினம் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன தம்பி? "மேடைக்குத் தண்ணி லைன் இழுக்கப் போறியளோ" என்றா கேட்கிறீர்? என் பின்னால் வரிசையாய் நிற்பவை தண்ணீர்க் குழாய்கள்தாம். ஆனால் இன்று இவற்றில் நீர் ஓடாது, நாதம் நிற்கும்!

நாதம் நிற்குமா? நிற்கும் ஐயா, நிற்கும்! குழாயின் வாயில் தட்டுகிறோம். ஒலி உள்ளே ஓடுகிறது. மறுமுனை திறந்துதானே கிடக்கிறது, தப்பி ஓடிவிடும் என்றுதானே நினைப்போம்? ஓடாது! பெரும்பங்கு திரும்பி வரும். போகும் அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று தழுவ, உள்ளிருக்கும் காற்று ஓரிடத்தில் துள்ளும், ஓரிடத்தில் அசையாதிருக்கும். அதைத்தான் நின்ற அலை என்கிறது பௌதிகவியல். இதை எனக்கு விளங்கப்படுத்தியவர், இந்தக் குழாய்களை அளந்து வெட்டிய ஆசிரியை ரிஸ்னா.

ஏன் வெட்டினார்? இவ்வூர் அறிந்த கதைதான். இந்த விழாவின் முதற்பாட்டு எப்போதும் கமலாவுடையது. தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, உச்சக் குரல் போனது. அன்றிலிருந்து இந்த மேடைப் படி அவர் ஏறவில்லை. கேட்டால், "அந்தக் கமலா போயிட்டா, விடுங்கோ" என்பார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

ரிஸ்னா விடுவாரா? முதற்பாட்டு குழாயிலாவது ஒலிக்கட்டும் என்று, கமலாவின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டு, அதே சுருதி உயரத்துக்குக் குழாய்களை வெட்டினார். தட்டுவதற்கு என்ன? இறப்பர்ச் செருப்பு! குழாய் வாயில் அடித்துச் சட்டென்று எடுத்தால் கணீர் என்று கேட்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் அமோகமாக வந்தது.

சென்ற சனிக்கிழமை இதே மேடையில் ஒத்திகை. குத்துவிளக்கு எரிகிறது, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. இரண்டு கையிலும் செருப்போடு படியேறிய ரிஸ்னா அப்படியே நின்று என் பக்கம் திரும்பினார்.

"சேர், சாமி படத்துக்கு முன்னால செருப்பால அடிக்கிறதா? எனக்கு மனம் வருதில்ல."

இத்தனை நாளாய் எங்கள் ஒருவர் மூளையிலும் இது ஏறவில்லை! என்ன அக்கா, புதுச் செருப்புத்தானே என்கிறீர்களா? புதிதென்றாலும் செருப்பு செருப்புத்தான்! ஒத்திகை பார்க்க வந்து, மேடைக்குக் கீழே மூலையில் இருந்த கமலா விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு படிச்ச ஆக்கள், ஒருத்தருக்கும் யோசனை வரேல்லையோ?"

வேறு வழியின்றி ரிஸ்னா உள்ளங்கையால் தட்டினார். தட்டிய கை எழும்பவில்லை. குழாயின் வாயை மூடியபடியே இருந்தது. எழுந்ததோ ஆழமான, அடங்கிய, அருமையான ஓர் ஓசை! மூடிய முனையில் காற்று அசைய ஏலாது. ஆகவே அதே குழாய்க்குள் அலை இருமடங்கு நீள்கிறது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்குகிறது. கமலா இப்போது முணுமுணுக்கிற அதே இடத்துக்கு இறங்குகிறது!

சிரித்துக்கொண்டிருந்த கமலா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூலையில் இருந்து, தம்மை அறியாமலே, அந்த ஓசையோடு ஓரடி பாடினார். நாங்கள் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இன்று பாடுவீரா என்று காலையிலும் கேட்டேன். "நீங்கள் கதையைச் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பாப்பம்" என்றார். அதனால்தான் அன்பர்களே, இவ்வளவு நேரம் கதைக்கிறேன்!

ஒரு வாசல் அடைபட்டது. குழாய் ஊமையானதா? இல்லை! உடைந்ததா? இல்லை! ஆழமானது! பழைய உயரத்தைக் கேட்டு நாங்கள் குழாய் வெட்டினோம். அது ஒரு கை பட்டதும் தானே இறங்கி, பாடுகிறவளைத் தேடி வந்தது. கமலா, உம்மட அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். இந்தக் குரல் இன்னும் பிடிக்கும். நீர் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு முணுமுணுக்கேக்க வாசல்ல நிண்டு கேக்கிறனான், உமக்குத் தெரியாது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், விளக்கின் மரியாதை காத்த ரிஸ்னா ஆசிரியைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. விடைபெற்று...

பொறுங்கள். எல்லோரும் படியடியைப் பாருங்கள். சத்தம் போடாதேங்கோ.

கமலா செருப்பைக் கழற்றுகிறா.

ரிஸ்னா டீச்சர், கையை வையுங்கோ. வணக்கம்!