சத்தம் புகாத அறையில் மைத்துனன்

வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று நான் இதுவரை தேடியதே இல்லை, ஐயா. ஞாபகத்தை அளப்பது என் தொழில். மனதில் யாருக்கு எவ்வளவு தங்குகிறது, தங்கியதை யார் எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கிறார்கள் என்று ஆளாளுக்கு மதிப்பெண் போடுவேன்.

அதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன அறை. சத்தம் புகாது. காற்றும் அவ்வளவாகப் புகாது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள், சோதனைக்கு வரவேண்டிய மாணவன் வரவில்லை. என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். ஊர் சிரிக்கப் பேசுகிறவன்.

"அத்தான், உள்ள வெச்சுப் பூட்டிட்டு மறந்துடாதீங்க."

"நானாடா? மறக்குற ஆளப் பாரு!"

அவன் ஃபோனை வாங்கி வெளியே வைத்துவிட்டுப் பூட்டினேன். அதற்குள் பாராட்டு விழாவுக்கு அழைக்க ஆள் வந்துவிட்டார். எனக்குத்தான் பாராட்டு.

"மறதி என்றால் என்னவென்றே அறியாதவர்" என்று தலைவர் முழங்கினார். அரங்கம் கைதட்டியது. அப்போதுதான் மைத்துனன் நினைவுக்கு வந்தான். என் அளவுகோல்படி சேமிப்பில் பழுதில்லை; மீட்டெடுப்பில் மட்டும் சற்றுத் தாமதம். கைதட்டல் நல்ல தூண்டுதலாக அமைந்தது.

அந்த அறை அடுத்த கட்டடம்தான். ஓடியிருந்தால் மூச்சோடு இருந்திருப்பான். ஆனால் முன்வரிசையில் என் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். நான் எப்போது சறுக்குவேன் என்று காத்திருக்கிற மனிதர். போதாக்குறைக்கு, மைத்துனன் இதை ஒவ்வொரு கல்யாணத்திலும் நடித்தே காட்டுவான். நீங்களே சொல்லுங்கள், எழுந்துபோக முடியுமா?

ஏற்புரையைச் சுருக்கவில்லை. நன்றாகத்தான் பேசினேன். விருந்தையும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"தம்பி ஃபோனே எடுக்கல. உங்களப் பாக்க வந்தானாமே?" என்றாள் மனைவி.

"மத்தியானமே கிளம்பிட்டானே."

விடுமுறை முழுக்க அவள் அழுதாள். நான்தான் தேற்றினேன்.

இப்போது உங்கள் காவல் நிலைய எழுத்தர் 'மறதியால் நேர்ந்த மரணம்' என்று எழுதிவைத்திருக்கிறார். வக்கீலும் அப்படியே இருக்கட்டும், தண்டனை குறையும் என்கிறார். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். கொலை என்றே எழுதுங்கள். நாளைக்கு நாலு பேர் படிப்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.