சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சிகரெட்டுக்காரி

"நேத்து அவளுக்குப் பொட்டு வச்சிட்டேன்க்கா" என்றாள் அந்தப் பெண். கிள்ளானுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிர்ப்பலகையில் இரண்டு பெண்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போலிருந்தது.

"எவளுக்குடி?"

"சிகரெட்டு வாங்குனதுக்குச் சீனர் கடையில குடுத்த காலண்டர்ல இருக்காளே, அவளுக்குத்தான். தொடை தெரிய உக்காந்துக்கிட்டு எங்க வீட்டுக்காரரையே பாக்குறா. இவரும் வேலைக்குப் போறப்ப ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. என்னை அப்படிப் பாத்து எத்தனை நாளாச்சு!"

"கிழிச்சுப் போட வேண்டியதுதானே?"

"கிழிச்சா இன்னொருத்தியைக் கொண்டாருவாரு. அதான் மஞ்சள் குங்குமம் வச்சு, பூவும் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். சாமியாயிட்டா அப்புறம் எப்படி அந்தக் கண்ணோட பாப்பாரு?"

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடங்கிட்டாரா?"

கரிப்புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது.

"முன்னெல்லாம் கண்ணை மூடி அவசரமா ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடுவாரு. இன்னிக்குக் காலையில கண்ணை மூடவே இல்லைக்கா. கற்பூரம் அணைஞ்சும் கையைக் கூப்பிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு."