டிஸ்கஸ் தொட்டியில் வெள்ளை மணல்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"தீபாவளிக்கு ஹால்ல மீன்தொட்டியில கறுப்பு மண்ணு வேணாம்னு மாத்தினேன்கா. இப்ப மீனே கறுத்துப் போச்சு. மூலையில நின்னு மூச்சு வாங்குது."

"என்ன மீனு?"

"டிஸ்கஸ். எங்க வீட்டுக்காரரு உயிரா வளக்கறாரு. ஜொகூர்ல வேலை, நாளைக்கு வராரு."

"என்ன மண்ணு போட்ட?"

"வெள்ளையா, கோரல் மணலு."

"அது கடல் மீனுக்குலா, டிஸ்கஸ் ஆத்து மீனு. தண்ணியே மாறிடும். கடைக்காரன் என்ன மீனுன்னு கேக்கலியா?"

"கேக்கலக்கா."

கேட்க மாட்டான். மூட்டை விற்றால் போதும் அவனுக்கு.

"பழைய மண்ணு?"

"ரோஜாச் செடிக்குக் கொட்டி, உரமும் போட்டுட்டேன்."

"ரோஜாவாச்சும் பொழைக்கட்டும். இன்னிக்கே மணலை அள்ளிடு. டிஸ்கஸ் வெறுந்தொட்டியிலயும் இருக்கும்."

"அவரு கேட்டா?"

"மாமியார் மேல போடு."

இளையவள் சிரிக்கவில்லை. கைப்பேசியில் கணவனின் குரல்செய்தி வந்தது. ஒலியைக் குறைக்க மறந்து அதைப் போட்டாள்.

"இன்னும் ரெண்டு டிஸ்கஸ் வாங்கிட்டேன். நான் வர்ற வரைக்கும் தொட்டியில கை வெக்காத."