புத்தருக்கு வைத்த குங்குமம்

ராயபுரத்தில், சிறுபான்மையினர் சான்றுக்கான வரிசையில் ஒரு மணி நேரமாக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருவர் வியாசர்பாடிக்காரர், பௌத்தர். இன்னொருவர் பர்தா அணிந்த வண்ணாரப்பேட்டைக்காரர்.

"புத்தருக்குப் பொட்டு வெச்சதாலதாம்மா எல்லாம் கெட்டுது" என்றார் வியாசர்பாடிக்காரர்.

"இன்னாக்கா சொல்ற?"

"வெள்ளிக்கெழமன்னா வூட்ல மாட்டிகீற படத்துக்கெல்லாம் குங்குமம் வெப்பேன். கை பழக்கம். புத்தருக்கும் வெச்சுட்டேன். சர்டிபிகேட்டுக்காக விசாரிக்க வந்த ஆபீசரு அதப் பாத்துட்டு, நாங்க பௌத்தமே இல்லன்னு எழுதிட்டாரு. மறுபடியும் மொதல்லேர்ந்து அலையறேன்."

"எம் பொண்ணு சட்டம் படிக்குதுக்கா. சிறுபான்மைய காப்பாத்தணும்னு ஐ.நா. சபையில எழுதி வெச்சிகீறாங்களாம். ஆனா யாரு சிறுபான்மைன்னு எல்லா நாடும் ஒத்துக்கின விளக்கம் இன்னும் இல்லியாம். நீ யாருன்னு நீதான் சொல்லணுமாம். சர்க்காரு முடிவு பண்ணக் கூடாதாம்."

வரிசை ஓரடி நகர்ந்தது. வியாசர்பாடிக்காரர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான் சொல்லிகினுதான் கீறேன். எவன் நம்புறான்?"

மற்றவர் பர்தாவைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு சொல்றதுக்கு எடமே குடுத்ததில்லக்கா. பாத்த ஒடனே அவங்களே முடிவு பண்ணிடுறாங்க."