காய்ச்சல் கண்ட கட்டடம்

சுகாதார நிலையங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. பொம்மசந்திரா பஸ்ஸில் என் முன்சீட்டில் நர்ஸ்கள் இருவர். இளையவள் மடியில் பெயிண்ட் டப்பா இருந்தது.

“இந்த ஏரியாவுலயே மலேரியா ஜாஸ்தி நம்ம ஆஸ்பத்திரி கட்டடத்துலதானாம்க்கா. ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க.”

“நம்மள்ல யாருக்கும் காய்ச்சலே இல்லையே.”

“கட்டட வேலைக்காரங்க ஷெட்டுக்கு ஏது டோர் நம்பர்? காய்ச்சல்காரங்க பேரைப் பதியறப்ப நம்பர் போடலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த ஆளுக்குப் போக மாட்டேங்குது. அதான் அவங்க எல்லாருக்கும் நம்ம ஆஸ்பத்திரி நம்பரையே போட்டுட்டேன்.”

“அதுக்குத்தான் கொசு மருந்து வண்டி நேத்தும் நம்ம வாசல்லயே வந்து நின்னுச்சா?”

“ஆமாக்கா. ஷெட்டுப் பக்கம் போங்கன்னு சொன்னேன். அந்த இடமே கம்ப்யூட்டர்ல வரலைன்னுட்டாங்க.”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அங்க இப்ப எப்படி இருக்கு?”

“காலையில இன்னொரு குழந்தைக்குக் குளிர் ஜுரம்.”

“டப்பா எதுக்கு?”

“ஷெட்டு ஷெட்டா தகரத்துல நம்பர் எழுதப்போறேன்.”

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. மூத்தவரும் கூடவே எழுந்தார்.

“பிரஷ் ஒண்ணுதான் கொண்டாந்தியா?”