இரண்டு வளையலில் எது கைவேலை

வயது நாற்பத்தாறு என்று முதலில் சொன்னது பொய். தம்பிக்கு நாற்பத்தெட்டு, அவன் எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததால் எழுதுகிற காவலர் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சரியான வயது ஐம்பத்து மூன்று. வெள்ளிப் பட்டறையில் வளையல் மூட்டுகளைப் பற்றவைப்பது என் வேலை. அதனால் தெருவில் என்னைப் 'பத்த வைக்கிற அக்கா' என்பார்கள். வேறு காரணமும் சொல்வார்கள். குடியிருப்பது பட்டறைக்கு மேல்மாடி. பட்டறை தம்பியுடையது. 'முழுக்க முழுக்கக் கைவேலை' என்ற பலகையை மாட்டியவனும் அவனே.

போன வாரம் டீச்சரம்மா ஒருவர் மகளுக்கு ஒரு ஜோடி வளையல் கேட்டார். நான் கம்பியைக் காய்ச்சி, தட்டி, வளைத்து, மூட்டில் ஒட்டுப்பொடி வைத்து ஊதி, அரம் போட்டு ஒன்றை முடித்தேன். அதன் பிறகு இன்னொன்றுக்கு நாள் போதாமல், தம்பியிடம் சொல்லாமல், பின்தெருவில் அச்சு மெஷினில் அடித்ததை வாங்கி வந்தேன். அதன் பிறகு மெஷின் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து, சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பள்ளம் வைத்தேன். அதன் பிறகு டீச்சரம்மா, பள்ளம் உள்ளதுதான் கைவேலை, வழவழவென்று இருப்பது மெஷின், ஏமாற்றிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். தம்பியை இன்று காலை அழைத்து வந்துவிட்டார்கள். மோசடி வழக்குப் போடுவதா, அனுப்புவதா என்பது என் பேச்சில் இருப்பதாக ஆய்வாளர் சொன்னார்.

வழவழப்பானதுதான் என் கைவேலை என்றேன். தம்பி முகம் தெளிந்தது.

"அப்போ பள்ளம் விழுந்தது?" என்றார் ஆய்வாளர்.

அது மெஷின் என்றேன்.

"அக்கா, நீ என்னை வெளிய எடுக்க வந்தியா, உள்ள வைக்க வந்தியா?"

"இருடா, இன்னும் முடிக்கல."

அதன் பிறகு, மெஷினின் பிடியை ஓர் ஆள் கையால்தான் இழுக்கிறான், பள்ளங்களை நான் கையால்தான் வைத்தேன், என் கைவேலைக்குப் பளபளப்பு ஏற்றியதோ காலால் மிதிக்கிற மோட்டார், ஆகவே எது முழுக்கக் கை என்று இப்போது எனக்கே விளங்கவில்லை என்றேன்.

"பொடி வச்சுப் பேசாதீங்கம்மா."

"பொடி வைக்காம எப்படி சார் ஒட்டும்?"

காவலர் ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். மெஷின் வளையலைச் சேர்த்தது நான், தம்பிக்குத் தெரியாது, குற்றம் என்றால் என் பேரில் என்று சொன்னேன். தம்பி தலை குனிந்துகொண்டான். அதன் பிறகு ஆய்வாளர் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தார். வழவழப்பானது கைவேலை என்று நிரூபித்து, அதற்கு இணையாக இன்னொன்று செய்து கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் சொன்னார்.

நான் செய்யும் வளையலுக்கெல்லாம் என் கைதான் அளவு என்று சொல்லி, மேஜையில் இருந்த வழவழப்பானதை எடுத்து வலது கையில் போட்டுக் காட்டினேன். கச்சிதமாக ஏறியது. ஆய்வாளர் ஒப்புக்கொண்டு, இரண்டு வளையலையும் உறையில் போட்டு அரக்கு வைத்ததும் தம்பி போகலாம் என்றார்.

வளையல் இறங்கவில்லை. அதன் பிறகு சோப்பு, அதன் பிறகு தேங்காய் எண்ணெய், அதன் பிறகு ஜீப்பில் இருந்த கிரீஸ். தம்பி இன்னும் பெஞ்சில் இருக்கிறான்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன்; என் வாயால் சொன்னபடியே இருக்கிறது. வலது கை சோப்புத் தண்ணீர் வாளியில் இருப்பதால் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை.

கைப்பற்றப்பட்ட பொருள்: வெள்ளி வளையல் இரண்டு. ஒன்று உறையில். ஒன்று சாட்சியின் கையில்.