பக்கீர் முகைதீனின் மாதிரிப் புத்தகம்

தலைமை தாங்கும் ஸலாஹுதீன் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் மருதமுனை நெசவாளர் சகோதரர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் பாக்கியராசா. பாண்டிருப்பில் நூலுக்குச் சாயம் போடுபவன். நமது நெசவாளர் சங்கத்தில் துணி மாதிரிகளை வரையும் மாதிரிப் பொறுப்பாளர் ஜனாப் பக்கீர் முகைதீன் அவர்கள் கடந்த வியாழக்கிழமை காலமானார். அவருடன் ஆறு வருடம் வேலை செய்தவன், அதில் முதல் வருடம் முழுவதும் சண்டை பிடித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

ஐம்பத்துமூன்றில் கொழும்புக் கடையொன்றுக்காக ஆண்கள் இடுப்பில் உடுத்தும் புதுச் சாரன் ஒன்றை உருவாக்கினோம். மாதிரியைத் தாளில் வரைந்து வீடுகளுக்குக் கொடுத்தவர் அவர். சாயம் என்னுடையது. நெசவு பன்னிரண்டு வீடுகளில். கரையை அகலமாக்கச் சொல்லிக் கடையிலிருந்து கடிதம் வந்தது. அவர் தாளைத் திருத்தினார். ஐந்து வீடுகளுக்குப் புதுத் தாள் போனது. ஏழு வீடுகளில் பழைய தாளே இருந்தது. எனக்குத் தகவலே இல்லை. முடிவில் நாற்பது சாரன், இரண்டு விதக் கரை. கடைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்.

சங்கக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். நான்தான் அதிகம் சத்தம் போட்டேன். அவர் எழுந்து நின்றார்.

"ஒருத்தரையும் ஏசாதீங்க. தாள மாத்தினது நான். எல்லாருக்கும் சொல்லாம உட்டதும் நான்தான்" என்றார்.

சபை நடுவே இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

அடுத்த கிழமையே தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைச் சங்கத்தில் வைத்தார். என்ன மாற்றம், எந்தத் திகதி, கேட்டவர் யார், காரணம் என்ன, எல்லாம் அதில் ஏறின. புதுத் தாளைத் தானே வீடு வீடாகச் சைக்கிளில் கொண்டுவருவார். பழைய தாளைக் கையில் வாங்காமல் போகமாட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாளில் நூலையே ஒட்டிக் கொடுத்தார்.

நெசவு செய்யும் சகோதரி ஹாஜறா ஒருநாள் அந்த நூலை எண்ணிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறையில் அவரை அழைத்தார். "காக்கா, இப்படிப் போட்டா ஓரம் சுருங்கும். ரெண்டு நூல் கூட்டணும்" என்றார்.

"நெய்து காட்டு புள்ள."

நெய்து காட்டினார். சுருங்கித்தான் இருந்தது. அன்றே புத்தகத்தில் ‘கேட்டவர்: ஹாஜறா’ என்று எழுதினார் பக்கீர் முகைதீன். சங்கப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது அதுவே முதல் தடவை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய், பாதியில் நின்ற படுக்கை விரிப்பைப் பற்றி அவரிடம் கேட்டேன். "என்னக் கேக்காதீங்க, பாக்கியராசா அண்ணன். புத்தகத்தப் பாருங்க. அதுல எழுதாதது ஒண்டும் என்ட தலைக்குள்ள இல்ல" என்றார். எனக்கு மனத்தாங்கல்தான். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தோம். நான் வாசித்தேன், ஹாஜறா நூலை எண்ணினார். சாயத்தின் அளவு இருந்தது. மூன்று திருத்தம் இருந்தது. மூன்றுக்கும் காரணம் இருந்தது. ஜனாஸா நல்லடக்கத்துக்கு மறுநாள் விரிப்பு தறியிலிருந்து இறங்கியது. ஒரு நூல் பிசகவில்லை. அவருக்குக் காட்டத்தான் முடியவில்லை.

இறைவன் அவருக்கு நல்லிடம் தரட்டும்.

கடைசிப் பக்கத்தில் அடுத்த துவாய்த் துண்டுக்கான பதிவு அரைகுறையாக நிற்கிறது. பச்சைச் சாயத்தை இளநிறமாக்கச் சொன்னது நான். ‘கேட்டவர்: பாக்கியராசா. காரணம்:’ அத்துடன் அவர் கை நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை சங்கத்துக்கு வாருங்கள். உங்கள் முன்னிலையில் அந்தக் காரணத்தை நான் எழுதுவேன். எழுதும்வரை ஒரு நூலையும் சாயத்தில் நனைக்க மாட்டேன்.